புள்ளி வைத்த இடம்

ஹாலாஸ்யம் அந்தத் தாளை அறுத்தது பட்டப்பகலில்தான். 1937-ஆம் வருஷம், ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நாகலக்ஷ்மி அடுக்களையில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகச்சவரம் செய்துகொள்ளும் பிளேடை எடுத்து, நூறு வருஷத்துப் புத்தகம் ஒன்றின் தாளைத் தையலோரமாக ஒரே இழுப்பில் அறுத்தார். கை நடுங்கவில்லை. பிற்பாடு தன்னிடமே அவரால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது அதைத்தான். கொஞ்சமாவது நடுங்கியிருக்கலாம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், அப்புறம் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மதுரையில் ஓர் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வெற்றிலை பாக்கு கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வம்பு பேசுவது கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் அகராதிப் பைத்தியம்.

சீமையில் ஓர் அகராதிக் காரியாலயம் இருந்தது. மற்ற அகராதிகள் சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டுப் போய்விடும். இது அப்படியில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஜாதகம் எழுதுகிற அகராதி. எந்த வருஷம் பிறந்தது, என்னென்ன அர்த்தத்தில் வாழ்ந்தது, எந்த அர்த்தம் எப்போது செத்தது என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் யாரோ எப்போதோ எழுதிய ஒரு வாக்கியத்தைச் சாட்சிக்கு நிறுத்தும். 'நைஸ்' என்றால் ஒரு காலத்தில் மடையன். 'சில்லி' என்றால் புண்ணியவான். 'மீட்' என்றால் வாயில் போட்டுக்கொள்கிற எந்த ஆகாரமும். 'கேர்ள்' என்று ஆண் குழந்தையையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் "வெரி நைஸ், மிஸ்டர் ஹாலாஸ்யம்" என்று முதுகைத் தட்டும்போதெல்லாம் இவருக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும்.

இந்தச் சிரிப்பை ஒருநாள் மனைவியோடு பங்குபோட்டுக்கொள்ளப் பார்த்தார்.

"நம்ம தமிழ்லேயும்தான் நாத்தம்னா ஒரு காலத்துலே வாசனையாம். எங்கப்பா சொல்லுவார்" என்றாள் நாகலக்ஷ்மி. "அதுக்காக எங்காத்துலே யாரும் சீமைக்குக் கடுதாசி போடலையே."

இவர் போட்டார். பன்னிரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காரியாலயத்துக்கு உலகமெங்கும் இவரைப் போல வாசித்துச் சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். பழைய புத்தகம், பழைய கடிதம் எது கிடைத்தாலும் வாசித்து, வழக்கொழிந்த பொருளில் ஒரு சொல் தென்பட்டால் துண்டுத்தாளில் எழுதி அனுப்பவேண்டும். மூலையில் சொல், அடியில் வருஷம், புத்தகம், பக்கம், நடுவில் வாக்கியம். வாக்கியம் நீளமென்றால் சொல்லுக்குச் சம்பந்தமில்லாததை விட்டுவிட்டு அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிடலாம். விடலாமே தவிர, சேர்க்கக் கூடாது. ஒரு எழுத்துக்கூட இல்லாததைச் சேர்த்துவிடக் கூடாது. ஹாலாஸ்யம் அனுப்பிய நாலாயிரம் துண்டுகளில் ஒன்றில்கூட அப்படிச் சேர்த்ததில்லை. அவருக்கு இருந்த கர்வமெல்லாம் அது ஒன்றில்தான்.

அவருடைய சீமைத் தபால் பள்ளிக்கூட முகவரிக்கு வரும். கொண்டுவந்து கையில் கொடுப்பவன் பியூன் சவரியப்பன். மணி அடிப்பதும் அவன்தான், வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாகச் சுமப்பதும் அவன்தான். கோச்சடையில் வைகைக் கரையோரம் ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு முருங்கை, மனைவி பிலோமினாள், மூன்று பெண்கள் என்று இருப்பவன். அந்த வருஷம் தைப் பொங்கல் கழிந்து பள்ளி திறந்த அன்று, தபாலை நீட்டியவன் போகாமல் நின்றான்.

"ஐயா, எங்க வீட்டுப் பொட்டியில ஒரு தொரை எழுதின பொஸ்தகம் கெடக்கு. எங்க பூட்டன் அவருகிட்டச் சமையலுக்கு இருந்தாராம். அவரு பேரு அதுல இருக்குதும்பாக. வாசிச்சுச் சொல்லத்தான் ஆளில்ல. பாக்குறீகளா?"

"கையெழுத்தா, அச்சா? எந்த வருஷம்?"

"அதெல்லாம் எனக்கென்னய்யா தெரியும். கொண்டாறேன், பாருங்க."

மறுநாள் பழஞ்சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். ஹார்வுட் என்கிற துரை ஒருவர், ரோடு போடுகிற வேலைக்கு வந்து கோச்சடையில் முகாம் போட்டிருந்தவர், ஐந்து வருஷம் தினசரி எழுதிய குறிப்புப் புத்தகம். இன்று மழை, இன்று காய்ச்சல், இன்று மாடு நொண்டியது என்று போகும். வேறு யாராவது வாசித்திருந்தால் பத்தாவது பக்கத்தில் தூங்கியிருப்பார்கள். ஹாலாஸ்யத்துக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்தத் துரை யாரோ கிராமாந்தரத்து ஆள். தன் பாட்டன் காலத்து இங்கிலீஷிலேயே எழுதிக்கொண்டிருந்தார். எட்டு மாதம் அந்தப் புத்தகம் இவரிடம் இருந்தது. மாட்டையும் மழையையும் காய்ச்சலையும் தாண்டிக்கொண்டு சொல் பொறுக்கினார்.

அதில் ஒரு நாள் 'பெயின்ஃபுல்' அகப்பட்டது. இன்றைக்கு அதற்கு வலி தருவது என்று பொருள். முன்னொரு காலத்தில் உடம்பைப் பாராமல் பாடுபடுகிறவனை அப்படிச் சொன்னார்கள். இந்தப் பொருளுக்குக் கடைசிக் காலத்துச் சாட்சி வேண்டும் என்று காரியாலயமே அச்சடித்துக் கேட்டிருந்தது. துரையோ 1834-இல் சர்வ சாதாரணமாக எழுதியிருந்தார். ஹாலாஸ்யத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே துண்டு எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'என் சமையற்காரன் சௌரிக்கு, பெயின்ஃபுல் ஆன மனிதன், இன்று ... கொடுத்துவிட்டேன், அவனும் அவன் பிள்ளைகளும் வைத்துக்கொள்ள.'

நடுவில் ஆறு வரி இருந்தது. சொல்லுக்குச் சம்பந்தமில்லாதது. மூன்று புள்ளி வைத்தார்.

சௌரி என்பது சவரிதான், பியூனின் பூட்டன்தான் என்று அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்தது, ஒரு புன்சிரிப்பும் வந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

காரியாலயத்திலிருந்து பதில் வந்தது. சந்தோஷம், ஆனால் இந்தப் பொருளுக்கு இந்த வருஷம் மிகவும் பிந்தியது, தாங்கள் பிரதி செய்ததில் பிசகு நேர்ந்திருக்கலாம், மூலத்தைப் பார்க்காமல் ஏற்பதற்கில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மரியாதை எதற்கு வேண்டியிருக்கிறது? நாலாயிரம் துண்டு எழுதியவனின் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது அவர்களுக்கு. இரண்டு நாள் சாதம் இறங்கவில்லை. படம் பிடித்து அனுப்பலாமென்று போனால், போட்டோ ஸ்டூடியோக்காரர் கல்யாணத்துக்குப் படமெடுக்கத் திண்டுக்கல் போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். விமானத் தபால் வியாழக்கிழமை கட்டுகிறார்கள். இரவல் புத்தகத்தை முழுசாகக் கடல் தாண்டி அனுப்பப் பயம். ஒரு தாள்தானே?

அப்படித்தான் பிளேடு எடுத்தார். கூடவே ஒரு கடிதமும் எழுதினார். அதன் கடைசி வரி: 'தாளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.' பெருந்தன்மை மாதிரி இருக்கிறது அல்லவா? அது பெருந்தன்மை இல்லை. திரும்பி வந்தால் அதைக் கொண்டுவந்து கையில் கொடுக்கப் போகிறவன் சவரியப்பன்.

இரண்டு வாரத்தில் காரியாலயம் மன்னிப்புக் கேட்டு, சாட்சியை ஏற்றுக்கொண்டு, நன்றி தெரிவித்தது. ஹாலாஸ்யம் புத்தகத்தை அதே சேலைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க பூட்டன் பேரு இருந்துச்சாய்யா?"

"இருந்தது, இருந்தது. அசராத உழைப்பாளின்னு எழுதியிருக்கார் துரை."

சவரியப்பனின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது ஹாலாஸ்யத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. பொய் சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டார். மனிதனுக்குச் சமாதானம் செய்துகொள்ளவா ஆள் தேவை?

இரண்டு வருஷம் போயிற்று. 1939 ஆனி மாதம், அதே துணிமூட்டையோடு சவரியப்பன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது.

"முத்திருளன் கேசு போட்டுட்டான்யா."

முத்திருளன் கோச்சடையில் தோப்புக்காரர். அவருடைய தாத்தா காலத்துப் பாகப் பத்திரத்தில் அந்த ஆற்றங்கரை முழுதும் அவர்கள் தோப்பு என்று இருந்தது. சவரியப்பன் குடும்பத்தைக் காவலுக்காகக் குடியிருக்க விட்டார்களாம். இப்போது காலி செய்யவேண்டுமாம். சவரியப்பனிடம் பட்டாவுமில்லை, பத்திரமுமில்லை.

"தொரை கைப்பட எழுதிக் குடுத்துட்டுப் போன எடம்னு எங்கப்பன் சொல்லும், அவரு அப்பன் சொன்னாராம். வேற காயிதம் கெடையாது. இந்தப் பொஸ்தகந்தான். வக்கீலய்யா எந்தப் பக்கம்னு கேக்குறாக. அன்னைக்குப் பேரு இருந்துச்சுன்னீகளே, அந்தப் பக்கத்துல ஒரு அடையாளம் வச்சுக் குடுங்கய்யா."

ஹாலாஸ்யம் புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போயிற்று. தையலோரம் அரை விரல் அகலத்துக்கு அறுத்த தாளின் ஒட்டு நின்றது, அவ்வளவுதான்.

"ரெண்டு நாள் இருக்கட்டும், சவரி. தேடணும்."

"தேடுங்கய்யா. ஒங்க கையில இருக்கறப்ப எனக்கென்ன கவல."

இந்த ஒரு வாக்கியம் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. தாளைத் திருப்பி அனுப்புமாறு சீமைக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது; தபால் தாறுமாறாயிற்று. சவரியப்பன் எதிரே வந்தால் இவர் திரும்பி நூலக அறைக்குள் போய்விடுவார். மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்றது. அது ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அடிக்கும்.

அவர் மனத்தில் ஓயாமல் ஓடியது ஒரே கேள்வி. அந்த ஆறு வரியில் என்ன இருந்தது? வீடா? கிணறா? இல்லை, துரை ஊருக்குப் போகும்போது பழைய கோட்டையும் நாலு சட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாரா? 'நைஸ்' என்ற சொல் எந்த வருஷம் மடையனை விட்டது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். தம் கண்ணெதிரே இருந்த ஆறு வரி ஞாபகமில்லை. 'இன்று' என்பது வரை வந்து அங்கே நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் 'கொடுத்துவிட்டேன்'. நடுவில் அவரே வைத்த மூன்று புள்ளி.

"ஏன்னா, பாதிச் சாதத்துலே எழுந்துடறேளே. உடம்புக்கு என்ன?" என்று நாகலக்ஷ்மி கேட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லேன்னு மூணு மாசமாச் சொல்றேள்."

கார்த்திகை மாதம் பதில் வந்தது. கொண்டுவந்தவன் சவரியப்பன்.

"சீமைத் தபால்யா. நல்ல சேதியா இருக்கட்டும்" என்று இரண்டு கையாலும் நீட்டினான். இவர் மரத்தடியில் நின்றபடியே பிரித்துப் படித்தார். தாங்கள் திருப்பி அனுப்ப வேண்டாமென்று எழுதியிருந்தபடியால், துண்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபின் தாள் பாதுகாக்கப்படவில்லை, வருந்துகிறோம், துண்டின் பிரதி இத்துடன் இருக்கிறது. துண்டின் பிரதியில் இவருடைய வாக்கியம் அப்படியே இருந்தது. மூன்று புள்ளியையும் தவறாமல் டைப் அடித்திருந்தார்கள்.

சவரியப்பன் நகரவில்லை. நல்ல சேதிதானா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி ஒரு நிமிஷம்கூட மறைக்க முடியாது என்று ஹாலாஸ்யத்துக்குத் தோன்றியது.

"சவரி, அந்தத் தாள் புத்தகத்திலே இல்லே. நான்தான் அறுத்தேன். அதிலே ஒரு சொல் எனக்கு வேண்டியிருந்தது. சீமைக்கு அனுப்பிச்சேன். இப்போ அங்கேயும் இல்லையாம்."

சவரியப்பன் முதலில் இவருடைய முகத்தைப் பார்த்தான். அப்புறம் கையைப் பார்த்தான்.

"அறுத்தீகளா?"

"ஆமாம்."

"நம்ம பொஸ்தகத்தையா?"

உன்னுடைய புத்தகத்தை என்று திருத்த ஹாலாஸ்யத்துக்கு வாய் வரவில்லை. நம்ம என்றுதான் அவன் இத்தனை நாளும் அதை நினைத்திருக்கிறான். வேறு ஏதாவது திட்டியிருந்தால் தேவலை. அவன் மணிக்கம்பத்தை நோக்கி நடந்தான். அன்றைக்கு மூன்றாவது பீரியட் மணி நாலு நிமிஷம் தாமதமாக அடித்தது. பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

சவரியப்பனின் வக்கீல் பஞ்சாபகேசன், ஹாலாஸ்யத்தோடு காலேஜில் படித்தவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையோடு வழியும் கண்டுபிடித்தார்.

"ஓய் ஹாலாஸ்யம், மூலம் தொலைஞ்சா என்ன? அதைக் கண்ணாலே பார்த்துப் படிச்சவன் கூண்டிலே ஏறிச் சொன்னாப் போதும். சட்டத்துலே இடமிருக்கு. நீர் வாத்தியார், சீமைக்காரனே நம்பின ஆள். நீர் சொன்னா முன்சீப் எடுத்துப்பார். வடக்கே வைகை, தெற்கே வண்டிப்பாதை, நடுவிலே வீடும் கிணறும். இதைப் பாடம் பண்ணிண்டு வாரும்."

"அப்படி அதிலே இருந்ததான்னு எனக்கு ஞாபகமில்லையே, பஞ்சு."

"இல்லேன்னு ஞாபகமிருக்கோ?"

"அதுவும் இல்லே."

"அப்புறமென்ன? யாருக்குத் தெரியப்போறது?"

அறை மூலையில் சவரியப்பனும் பிலோமினாளும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சவரியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"பொய்யெல்லாம் வேணாம்யா. ஐயா படிச்சதைச் சொன்னாப் போதும்."

பிலோமினாள் ஹாலாஸ்யத்தைப் பார்க்காமல் வக்கீலைப் பார்த்துச் சொன்னாள். "எட்டு மாசம் வச்சிருந்தாரு. ஞாபகம் இல்லாமயா போகும்? யோசிக்கச் சொல்லுங்க."

யோசித்தார். மாசி மாதம் வழக்கு விசாரணைக்கு வருகிற வரை அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. கண்ணை மூடினால் துரையின் சாய்ந்த கையெழுத்து வரும், மசியின் பழுப்பு நிறம் வரும், 'பெயின்ஃபுல்' வரும். கூட வேறெதுவும் வரவில்லை. கடைசியில், ஒரு பொய்யால் ஒரு குடும்பம் பிழைக்குமானால் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். வடக்கே வைகை, தெற்கே வண்டிப்பாதை என்று நடக்கும்போதும் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வாய்க்குச் சரளமாக வந்துவிட்டது.

கூண்டில் ஏறிச் சத்தியப் பிரமாணம் செய்தார். தாளை அறுத்ததை ஒப்புக்கொண்டார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். தம்முடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து அந்த வாக்கியத்தை வாசித்தார். முத்திருளனின் வக்கீல் எழுந்திருக்கும் முன்பே முன்சீப் கையை உயர்த்தினார். வயசானவர், சாவதானமாகப் பேசுகிறவர்.

"இந்தப் புள்ளிகள் எதற்கு?"

"நடுவில் ஆறு வரி இருந்தது. விட்டுவிட்டேன்."

"ஏன் விட்டீர்கள்?"

"அந்தச் சொல்லுக்குச் சம்பந்தமில்லை."

"இந்த வழக்குக்குச் சம்பந்தம் அது ஒன்றுதான். அதில் என்ன எழுதியிருந்தது?"

பஞ்சாபகேசன் தலையை லேசாக ஆட்டினார், சொல்லும் என்பது போல. சவரியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, துளி சந்தேகமில்லாமல், தன் பூட்டன் நிலத்தின் எல்லைகளைக் கேட்கத் தயாராக நின்றான். ஹாலாஸ்யம் வாயைத் திறந்தார். வடக்கே வைகை, அவ்வளவுதானே. பன்னிரண்டு வருஷமும் அதற்கப்புறம் வந்த வருஷங்களும் சேர்ந்து அவரை மறித்தன. புள்ளி வைத்த இடத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைக்க அவரால் ஆகவில்லை.

"தெரியாது" என்றார்.

"படித்தீர்கள் அல்லவா?"

"பார்த்தேன். படிக்கவில்லை."

முன்சீப் அதை எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கூண்டு வரைக்கும் கேட்டது. சவரியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். குற்றம் செய்தவன் அவன்தான் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் பஞ்சாபகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உண்மை பேசிய மனிதனுக்கு ஒரு நிம்மதி வரவேண்டுமே, அது வரவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனார். நான் உண்மையைக் காப்பாற்றினேனா, இல்லை என் நாலாயிரம் துண்டின் பெருமையைக் காப்பாற்றினேனா என்று கேட்டுக்கொண்டே போனார். தாளை அறுக்கும்போது கை நடுங்கவில்லை, அவர்களுக்காக ஒரு பொய் சொல்ல மட்டும் வாய் வரவில்லை என்றால் அது என்ன யோக்கியம்? அன்றைக்கும் என் கர்வத்துக்காகத்தான் செய்தேன், இன்றைக்கும் என் கர்வத்துக்காகத்தான் செய்தேன். இரண்டு தடவையும் நஷ்டப்பட்டவன் சவரி. இப்படி நினைத்தபோது நடுத்தெருவில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மேல்துண்டால் வியர்வை துடைப்பது போலத் துடைத்துக்கொண்டார்.

சித்திரையில் தீர்ப்பாயிற்று. முத்திருளன் பக்கம். ஆனி முடிவதற்குள் காலி செய்யவேண்டும்.

அன்றைக்குத்தான் ஹாலாஸ்யம் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"பின்கட்டுலே மாட்டுக் கொட்டில் காலியா இருக்கு" என்றார். "சுத்தம் பண்ணி, ஒரு தட்டி வெச்சு..."

"கொட்டில்லேயா குடிவைக்கப் போறேள்?" நாகலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவா வீட்டைத் தொலைச்சுட்டு, மாடு இருந்த எடத்தைக் குடுப்பேளாக்கும். மேலண்டை ரெண்டு அறையைக் குடுங்கோ. உங்க புஸ்தகமெல்லாம் கொட்டிலுக்குப் போகட்டும். தெருவிலே ஏதாவது சொன்னா நான் பார்த்துக்கறேன்."

தெருவில் சொல்லாமல் இருப்பார்களா? கிறிஸ்தவக் குடும்பத்தை வீட்டுக்குள் வைக்கப் போகிறானாம் என்று மூன்று நாளைக்கு அதே பேச்சாக இருந்தது. ஹாலாஸ்யத்துக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சொல்லப்போனால், யாராவது நன்றாகத் திட்டினால் தேவலை என்று இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை கோச்சடைக்குப் போனார். வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. சாமான் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று பெண்களும் கிணற்றடியில் கடைசித் தண்ணீர் சேந்திக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் பிலோமினாளின் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போவதாக ஏற்பாடு. அங்கிருந்து பள்ளிக்கூடம் பத்து மைல்.

ஹாலாஸ்யம் கிணற்றைப் பார்க்காமல் பேசினார். தம் வீட்டு மேலண்டை அறைகளைப் பற்றிச் சொன்னார். வாடகை இல்லை, தனி வாசல் இருக்கிறது, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். பாடம் பண்ணிக்கொண்டு போனதில் பாதி மறந்துவிட்டது.

சவரியப்பன் கட்டிலின் காலை வண்டிக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினான். கோபமில்லாத குரலில்தான் சொன்னான்.

"வேணாம்யா. நாங்க அங்கன வந்து இருந்தா, எங்கள நீங்க தெனமும் பாக்கணும். ஒங்களுக்குக் கஷ்டம்."

பத்து மைல் தினமும் நடக்கப் போகிறவன் என் கஷ்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று ஹாலாஸ்யம் நினைத்தார். அவர் மனத்தின் ஒரு மூலையில், வேண்டாம் என்று சொல்லிவிட்டானே என்கிற ஆறுதலும் இருந்தது. அதை அவர் கண்டுகொண்டார், வெட்கமாக இருந்தது.

பிலோமினாள் அம்மிக்கல்லை இடுப்பில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாக்கட்டும்" என்றாள்.

"பிலோமினா..."

"தெனமும் பாக்கட்டும்ங்க. காலையில எந்திரிச்சதும் நம்ம மொகத்துலதான் முழிக்கட்டும். நீங்க பெருந்தன்மையா வேணாம்பீக, இவரு பாட்டுக்கு நிம்மதியாப் போயிருவாரு. என் மூணு புள்ளைகளும் எங்கண்ணன் வீட்டுத் தாழ்வாரத்துல கெடக்கணுமா? நான் போறேன் அங்க."

அவள் அம்மியை வண்டியில் இறக்கினாள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக ஹாலாஸ்யத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எந்தத் தெருன்னு வண்டிக்காரர்ட்ட சொல்லுங்க" என்றாள்.

ஹாலாஸ்யம் வண்டிக்காரரிடம் தெருவின் பெயரைச் சொன்னார்.